அலமாரியை நிரப்பிய வாசகர் வட்டம்: சிகாகோ ஹால் கிளை நூலகம், 1933–1953

1932 ஜனவரி 18. சிகாகோவின் தெற்குப் பகுதியில், மிச்சிகன் அவென்யூவும் 48-ஆம் தெருவும் சந்திக்கும் மூலையில், சுண்ணாம்புக்கல்லில் கட்டிய புது நூலகம் ஒன்றைத் திறந்தார்கள். உள்ளே எண்கோண வடிவில் ஒரு கூடம். நகரப் பொது நூலகத்தின் கிளை அது. ஜார்ஜ் கிளீவ்லண்ட் ஹால் கிளை என்று பெயர்.

திறப்பு நாளில் இருந்திருக்க வேண்டிய இரண்டு பேர் இல்லை. நூலகம் வேண்டும் என்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்த மருத்துவர் ஹால் 1930-லேயே இறந்துவிட்டார். நிலத்தை வாங்கிக் கொடுத்த செல்வந்தர் ஜூலியஸ் ரோசன்வால்ட், சரியாகப் பன்னிரண்டு நாள் முன்னதாக, ஜனவரி 6-ஆம் தேதி காலமானார். ஊர் நிலைமையும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. பொருளாதார மந்தம் கறுப்பர் குடியிருப்புகளைத்தான் முதலில் அடித்தது. அவர்களின் பெருமையாக இருந்த பிங்கா வங்கி 1930-இல் கதவைச் சாத்தியபோது பலருடைய சேமிப்பு அதோடு போனது.

அந்தக் கட்டடத்தில் அடுத்த ஆண்டு, 1933-இல், ஒரு வாசகர் வட்டம் தொடங்கியது. புத்தக விமர்சன, சொற்பொழிவு மன்றம் என்பது அதன் முழுப் பெயர். மாதம் இருமுறை கூடியது. கறுப்பின எழுத்தாளர்களின் நூல்களும் கறுப்பர் வாழ்வு பற்றிய நூல்களும்தான் அதன் மையம். இருபது ஆண்டு நடந்தது.

நான் பங்கெடுத்த வாசகர் வட்டங்களை எண்ணிப் பார்க்கிறேன். மூன்று ஆண்டு தாண்டியது ஒன்றுகூட இல்லை. முதல் கூட்டத்துக்கு நாற்பது பேர், ஆறாவது கூட்டத்துக்கு ஏழு பேர், அப்புறம் டீக்கடை. அதனால்தான் ஹால் நூலகத்தின் கதை என்னைப் பிடித்துக்கொண்டது. இருபது ஆண்டு எப்படி ஓடியது? வந்து பேசியவர்களின் பட்டியலைப் பார்த்தால் யாருக்கும் கண் விரியும். ஆனால் பெரிய பெயர்களால் ஒரு வட்டம் இருபது ஆண்டு தாங்காது. பேசி முடித்துக் கலைந்த பிறகு அந்த அறையில் ஏதோ ஒன்று மிஞ்சியது. அந்த மிச்சத்தை யாரோ ஒருவர் எடுத்து அடுக்கி வைத்தார். இந்த மன்றத்தைப் புரிந்துகொள்ள அந்த அலமாரியில் இருந்து தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம்.

ஊரும் ஆட்களும்

1910-இல் சிகாகோவில் கறுப்பர் எண்ணிக்கை 44,103. 1920-இல் 1,09,458. 1930-இல் 2,33,903. இருபது ஆண்டில் ஐந்து மடங்கு. தென் மாநிலங்களின் பருத்திக் காடுகளில் இருந்தும் வெள்ளையர் கும்பல் வன்முறையில் இருந்தும் தப்பி, ரயிலேறி வந்தவர்கள். சிகாகோவில் அச்சான 'டிஃபென்டர்' பத்திரிகையை ரயிலில் வேலை பார்த்த கறுப்பின ஊழியர்கள் தெற்கே கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். முடி திருத்தும் கடையிலோ தேவாலயத்திலோ ஒருவர் உரக்க வாசிக்க, சுற்றி இருப்பவர்கள் கேட்பார்கள். ஒரு பிரதியைச் சுற்றி ஒரு கூட்டம் சேரும் பழக்கம் அந்த மக்களிடம் முன்பே இருந்தது.

வந்து சேர்ந்த ஊர் அவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டு வரவேற்கவில்லை. 1919 ஜூலையில் தொடங்கிய இனக் கலவரத்தில் 38 பேர் செத்தார்கள். 23 பேர் கறுப்பர்கள். வெள்ளையர் தெருக்களில் கறுப்பருக்கு வீடு விற்கமாட்டோம் என்று பத்திரத்திலேயே எழுதிக்கொண்டார்கள். எண்ணிக்கை ஐந்து மடங்கு பெருகியும் அவர்கள் வசிக்கக்கூடிய இடம் அந்த அளவுக்கு விரியவில்லை. ஒரு வீட்டை ஆறாகத் தடுத்து, ஒவ்வொரு தடுப்பிலும் ஒரு குடும்பத்தை வைத்து வாடகை வாங்கினார்கள். 'கிச்சனெட்' என்று அதற்குப் பெயர். ஒரு மாடிக்கு ஒரு குளியலறை இருந்தால் அதிகம். இப்படி நெருக்கப்பட்ட அந்தப் பகுதிக்கு அதன் மக்களே வைத்துக்கொண்ட பெயர் பிரான்ஸ்வில், வெண்கலப் பட்டணம்.

நூலகம் நின்ற இடம் அதன் நடுநாடி. ஒரு தெரு தள்ளி 47-ஆம் தெரு. கடைகள், திரையரங்கு, நடன அரங்கு எல்லாம் அங்கேதான். அதே ரோசன்வால்ட் 1929-இல் கறுப்பர் குடும்பங்களுக்காகக் கட்டிய 421 வீடுகள் கொண்ட பெரிய குடியிருப்பும் நடந்துபோகும் தூரத்தில். இந்த இடத் தேர்வைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பகல் முழுக்க உழைத்துவிட்டு வருபவர் இரவுக் கூட்டத்துக்கு இரண்டு பேருந்து மாறி வரமாட்டார்.

நூலகம் என்பது தெற்கில் இருந்து வந்த ஒருவருக்கு என்னவாக இருந்தது என்பதை கறுப்பின எழுத்தாளர் ரிச்சர்ட் ரைட்டின் தன்வரலாற்றில் வரும் ஒரு சம்பவம் காட்டும். 1927. மெம்பிஸ் நகரம். ரைட்டுக்குப் பத்தொன்பது வயது கூட நிரம்பவில்லை. பத்திரிகையாளர் மென்கனைத் திட்டி எழுதிய தலையங்கம் ஒன்றை வாசிக்கிறார். தெற்கத்தி வெள்ளையர்கள் இவ்வளவு வெறுக்கும் ஒரு வெள்ளைக்காரர் என்ன எழுதியிருப்பார் என்று ஆசை. ஆனால் அந்த நூலகத்தில் கறுப்பருக்குப் புத்தகம் கிடையாது. வேலை செய்யும் இடத்தில் இருந்த ஓர் ஐரிஷ் கத்தோலிக்கரின் உறுப்பினர் அட்டையை இரவல் வாங்கிக்கொள்கிறார். அந்த வெள்ளைக்காரர் எழுதியதுபோல் ஒரு சீட்டைத் தானே எழுதுகிறார்: இந்தப் பையனிடம் மென்கன் புத்தகங்களைக் கொடுத்தனுப்பவும். நம்ப வேண்டுமே என்பதற்காக, அந்தச் சீட்டில் தன்னையே இழிசொல்லால் குறிப்பிடுகிறார். நூலகருக்குச் சந்தேகம். இந்தப் புத்தகங்கள் உனக்கா என்று கேட்கிறார். இல்லை அம்மா, எனக்கு வாசிக்கத் தெரியாது என்கிறார் ரைட்.

அதே ஆண்டு இறுதியில் அவர் சிகாகோ வந்து சேர்ந்தார். பின்னாளில் ஹால் நூலகத்தின் மன்றத்தில் பேசியவர்களில் அவரும் ஒருவர்.

முன்னோடிகள்

கறுப்பர் வாசகர் வட்டம் 1933-இல் திடீரென முளைத்தது அல்ல. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அடிமைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதே குற்றமாகிக்கொண்டிருந்த காலத்தில், வடக்கே ஃபிலடெல்ஃபியாவில் சுதந்திரக் கறுப்பர்கள் 1828-இலேயே வாசிப்பறைச் சங்கம் ஒன்று வைத்திருந்தார்கள். 1831-இல் அதே ஊரில் பெண்கள் தங்களுக்கென ஓர் இலக்கியச் சங்கம் தொடங்கினார்கள். அங்கே ஓர் அழகான ஏற்பாடு: உறுப்பினர்கள் எழுதியதைப் பெயர் போடாமல் ஒரு பெட்டிக்குள் போட்டுவிடுவார்கள், கூட்டத்தில் எடுத்து வாசித்து விமர்சிப்பார்கள். எழுதியவர் யார் என்று தெரியாததால் முகம் பார்த்துப் பேச வேண்டியதில்லை.

சிகாகோவிலேயே, கும்பல் கொலைகளை அம்பலப்படுத்திய பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ் 1910-இல் ஸ்டேட் தெருவில் ஒரு வாசிப்பறை திறந்து சுமார் பத்தாண்டு நடத்தினார். ஊருக்குப் புதிதாக வரும் இளைஞர்கள் தங்கவும் வாசிக்கவும் வேலை தேடவும் ஓர் இடம். 1915-இல் கறுப்பர் வரலாற்றை ஆராய்வதற்கான சங்கத்தை கார்ட்டர் வுட்சன் நிறுவியதும் இதே சிகாகோவில், வபாஷ் அவென்யூ ஒய்எம்சிஏ கட்டடத்தில்தான். அன்று வுட்சனோடு உட்கார்ந்திருந்த சிலரில் ஒருவர் ப்ராவிடன்ட் மருத்துவமனையின் அறுவை மருத்துவர் ஜார்ஜ் கிளீவ்லண்ட் ஹால். அவர் பின்னால் நகர நூலகக் குழுவில் உறுப்பினரானார். பிரான்ஸ்விலுக்கு முழு வசதியுள்ள ஒரு கிளை வேண்டும் என்று ரோசன்வால்டிடம் பேசி நிலம் வாங்கினார். ஆக, கட்டடத்துக்குள் புத்தகம் வரும் முன்பே அது என்ன மாதிரியான நூலகமாக இருக்க வேண்டும் என்ற நினைப்பு அதன் பெயரிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

'லெஃப்டினன்ட்'

இனி விவியன் ஹார்ஷ். நூலகத்தின் முதல் தலைமை நூலகர். 1890-இல் சிகாகோவிலேயே பிறந்தவர். பெரிய இடப்பெயர்வுக்கு முன்பே அந்த ஊரில் வேரூன்றிய குடும்பம். 1909-இல், பத்தொன்பது வயதில், நகர நூலகத்தில் கடைநிலை எழுத்தராகச் சேர்ந்தார். பாஸ்டனில் சிம்மன்ஸ் கல்லூரிக்குப் போய் 1921-இல் நூலகவியல் படிப்பை முடித்தார். 1924-இல் சிகாகோ பொது நூலகத்தின் முதல் கறுப்பின நூலகர் ஆனார். எழுத்தர் மேசையில் இருந்து நூலகர் நாற்காலிக்குப் போகப் பதினைந்து ஆண்டு.

கண்டிப்பானவர். வாசகர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'லெஃப்டினன்ட்'. பட்டப்பெயரே ஆளைச் சொல்லிவிடும். திருமணம் செய்துகொள்ளவில்லை, நூலகம்தான் வாழ்க்கை. இப்படிப்பட்டவர்களைப் பற்றிப் பின்னால் எழுதும்போது நாம் எல்லோரும் கொஞ்சம் தேன் தடவிவிடுவோம். எனக்கு அந்த ஆசை இல்லை. சத்தம் போட்டுச் சிரிக்கும் ஒரு பையனுக்கு அவர் அறை பிடித்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் இருபது ஆண்டு மாதம் இருமுறை கூட்டம் கூட வேண்டும் என்றால், யாராவது ஒருவர் நாள்காட்டியோடு கண்டிப்பாக இருந்தே தீர வேண்டும்.

அவருக்கு முன்னால் இருந்த பிரச்சினை எளிமையானது. கறுப்பர் பகுதிக்கு நூலகம் வந்துவிட்டது. ஆனால் கறுப்பர்கள் எழுதிய புத்தகம் அலமாரியில் எங்கே? தொடக்கத்தில் கைகொடுத்தது ஒரு பல் மருத்துவரின் சேகரிப்பு. கறுப்பின அறிஞர் டு பாய்ஸோடு சேர்ந்து 1905-இல் கறுப்பர் சம உரிமைக்கான நயாகரா இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான சார்ல்ஸ் பென்ட்லி வைத்திருந்த, கறுப்பர் வாழ்வு பற்றிய சுமார் 300 நூல்கள் நூலகத்துக்கு வந்தன. அறுவை மருத்துவர் கேட்ட கட்டடத்துக்குள் பல் மருத்துவரின் புத்தகங்கள். அதை வைத்துத்தான் ஹார்ஷ் 'சிறப்பு நீக்ரோ சேகரிப்பு' என்று ஒன்றை ஆரம்பித்தார். (நீக்ரோ என்பது அன்று கறுப்பர்களே மரியாதையாகப் பயன்படுத்திய சொல். பெயர்களில் வரும் இடங்களில் மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன்.)

நகர மையத்தில் இருந்த தலைமை அலுவலகத்துக்கு இந்தச் சேகரிப்பில் பெரிய உற்சாகம் ஒன்றும் இல்லை. கிளை நூலகம் என்றால் எல்லோருக்குமான பொது நூல்கள் போதாதா என்ற பார்வை. ஹார்ஷ் சண்டை போட்டுக்கொண்டு நிற்கவில்லை; சுற்றுவழி தேடினார். ரோசன்வால்ட் பெயரிலான நிதியத்தின் உதவியோடு வெளியூர்களில் உள்ள கறுப்பர் நூல் சேகரிப்புகளைப் போய்ப் பார்த்து வந்தார். நியூயார்க் ஹார்லமில் ஆர்தர் ஷோம்பர்க் சேர்த்த நூல்களை 1926-இல் கார்னகி நிறுவனம் 10,000 டாலர் கொடுத்து வாங்கி நூலகத்துக்குத் தந்திருந்தது. சிகாகோவுக்கு அப்படி ஒரு காசோலை வரவில்லை. நன்கொடை, பழைய புத்தகக் கடை, அலைச்சல், அப்புறம் மன்றம். இவைதான் ஹார்ஷின் வழிகள்.

மன்றம் செய்த வேலை

பெயரிலேயே இரண்டு வேலை இருக்கிறது: விமர்சனம், சொற்பொழிவு. ஒரு நூலை எடுத்து விமர்சிப்பார்கள், எழுத்தாளரோ ஆய்வாளரோ வந்தால் உரை, அப்புறம் கேள்விகள். விடுமுறைகளைக் கழித்துப் பார்த்தாலும் இருபது ஆண்டில் சில நூறு கூட்டங்கள் வரும். எல்லாக் கூட்டத்துக்கும் புகழ்பெற்றவர் வரமாட்டார். பெரும்பாலான இரவுகள் அந்தப் பகுதிக்காரர்களுடையவை. பிரான்ஸ்விலில் அன்று பட்டம் பெற்ற கறுப்பர்களுக்குக் கிடைத்த நல்ல வேலை என்றால் பள்ளிக்கூடம், இல்லாவிட்டால் அஞ்சலகம். ரைட்டே அஞ்சலகத்தில் கடிதம் பிரித்தவர்தான். வாசிக்கத் தெரிந்து, பேச இடமில்லாமல் இருந்த ஒரு கூட்டம் அங்கே ஏற்கெனவே தயாராக இருந்தது.

மன்றம் எப்படி அலமாரியை நிரப்பியது? ஒரு நூலைப் பற்றிக் கூடிப் பேச வேண்டும் என்றால் அந்த நூல் நூலகத்தில் இருக்க வேண்டும். இரவல் கேட்டு வாசகர்கள் வரிசையில் நிற்கும் நூலை வாங்கமாட்டேன் என்று எந்தத் தலைமை அலுவலகமும் சொல்வது கடினம். இதை ஹார்ஷ் திட்டம் போட்டுச் செய்தாரா, போகிற போக்கில் அப்படி அமைந்ததா, எனக்குத் திட்டவட்டமாகச் சொல்லத் தோன்றவில்லை. ஆனால் விளைவு கண்ணுக்குத் தெரிகிறது. பேச வந்த எழுத்தாளர்கள் தட்டச்சுப் பிரதிகளை விட்டுப்போனார்கள். ரைட் தன் ஆரம்பகாலச் சிறுகதை ஒன்றின் பிரதியைக் கொடுத்தார். லாங்ஸ்டன் ஹியூஸ் 1940-இல் வந்த தன் வாழ்க்கைக் கதை 'தி பிக் சீ'யின் வரைவுகளைக் கொடுத்தார். கையெழுத்துப் பிரதிகளைப் பெரிய பல்கலைக்கழகங்கள் விலை கொடுத்து வாங்குவது பின்னால் வந்த வழக்கம். முப்பதுகளில் ஒரு கறுப்பின எழுத்தாளரின் வரைவுக்கு மதிப்பு உண்டு என்று நினைத்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவே. அதில் ஒருவர் ஒரு கிளை நூலகர்.

பேசியவர்கள், பேசப்பட்டவர்கள் பட்டியலில் ஒரே அறைக்குள் இருக்க முடியாத இருவரும் இருந்தார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஸோரா நீல் ஹர்ஸ்டனும் ரிச்சர்ட் ரைட்டும். 1937-இல் ஹர்ஸ்டனின் நாவலுக்கு ரைட் எழுதிய விமர்சனம் அடி என்றே சொல்ல வேண்டும்: கருப்பொருள் இல்லை, செய்தி இல்லை, வெள்ளையர் சிரிப்பதற்காகக் கறுப்பரை மேடையில் ஆட்டும் பழைய கூத்தின் தொடர்ச்சி இது என்றார். அடுத்த ஆண்டு ரைட்டின் முதல் சிறுகதைத் தொகுதி வந்ததும் ஹர்ஸ்டன் திருப்பிக் கொடுத்தார்: முழுக்க வெறுப்பு, கறுப்பர் வாழ்வின் விரிந்த பக்கம் ஒன்றுகூட இதில் இல்லை. கறுப்பின இலக்கியம் எதற்கு, யாருக்கு என்ற சண்டை அது. எதிர்ப்பையும் வலியையும் மட்டுமா எழுத வேண்டும், அல்லது காதலும் கேலியும் பேச்சுமொழியுமா? நியூயார்க் பத்திரிகைகளில் நடந்த அந்தச் சண்டையின் இரண்டு தரப்பையும் 48-ஆம் தெரு வாசகர்கள் நேரில் பார்த்தார்கள், ஒரே கூரையின் கீழ் இரவல் எடுத்தார்கள். ஹார்ஷ் இரண்டையும் வாங்கி வைத்தார். ஒரு நூலகர் எடுக்கக்கூடிய நிலைப்பாடு அதுதான் என்று எனக்குப் படுகிறது.

1940 மார்ச் 1-இல் ரைட்டின் 'நேட்டிவ் சன்' வந்தது. மூன்று வாரத்தில் இரண்டு லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. நாடு முழுவதும் வாசித்தது. ஆனால் பிரான்ஸ்வில் வாசகர் வாசித்த விதம் வேறாக இருந்திருக்கும். நாயகன் பிகர் தாமஸ் தாயோடும் தம்பி தங்கையோடும் ஒற்றை அறையில், எலியோடு வசிக்கும் முகவரி 3721 இந்தியானா அவென்யூ. அவன் ஓட்டுநர் வேலைக்குப் போகும் பணக்கார வீட்டின் முகவரி 4605 ட்ரெக்செல் பூலவார்ட். நூலக வாசலில் நின்றால் முதலாவது வடக்கே பதினொரு தெரு. இரண்டாவது கிழக்கே சுமார் ஒரு மைல். வரைபடம் தேவையில்லை, கால் தெரிந்த இடங்கள்.

அந்த நாவலில் ஒரு முள் உண்டு. வீட்டுக்காரர் டால்டன் கறுப்பர் நலனுக்கு லட்சக்கணக்கில் நன்கொடை கொடுப்பவர். பிகர் குடும்பம் வாடகை கட்டும் எலி வளையும் அவருடைய நிறுவனத்துக்குச் சொந்தமானதுதான். கறுப்பர் சிறுவர் மன்றங்களுக்கு மேசைப்பந்து ஆட மேசை வாங்கிக் கொடுத்திருக்கிறார். கொடையாளர் தந்த நிலத்தில் நிற்கும் நூலகத்தில், கொடையாளரைக் கேள்வி கேட்கும் நாவல். ரோசன்வால்டை டால்டனோடு ஒப்பிடுவது நியாயமாகாது. தென் மாநிலங்களில் கறுப்பர் குழந்தைகளுக்காக ஐயாயிரத்தை நெருங்கும் பள்ளிகள் கட்ட உதவியவர் அவர். என்றாலும் அந்தக் கேள்வி அந்தக் கட்டடத்துக்குள் சும்மா போய்விடும் கேள்வி அல்ல. நன்றியோடு இருப்பதா, கேட்பதா என்று நன்கொடையில் இயங்கும் எந்த வாசகர் வட்டமும் ஒருநாள் யோசிக்கத்தான் வேண்டும்.

அந்தப் பகுதியில் இலக்கியம் நடந்தது நூலகத்தில் மட்டும் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1936-இல் ரைட்டைச் சுற்றி தெற்குப் பகுதி எழுத்தாளர் குழு ஒன்று கூடியது. மார்கரெட் வாக்கர், ஃப்ராங்க் மார்ஷல் டேவிஸ் எல்லாம் அதில் இருந்தார்கள். மிச்சிகன் அவென்யூவிலேயே வடக்கே தள்ளி 1940-இல் கலை மையம் திறந்தது. அங்கே 1941-இல் நடந்த கவிதைப் பட்டறையில் மாணவியாக உட்கார்ந்திருந்தவர் க்வென்டலின் புரூக்ஸ். கிச்சனெட்டில் குடியிருந்து, கிச்சனெட்டைப் பற்றியே கவிதை எழுதியவர். அவருடைய முதல் தொகுப்பு 'எ ஸ்ட்ரீட் இன் பிரான்ஸ்வில்' 1945-இல் வந்தது. 1950-இல் புலிட்சர் பரிசு. அந்தப் பரிசைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர்தான். ஹால் மன்றத்தின் பேச்சாளர் வரிசையில் அவரும் வருகிறார். உள்ளூர்ப் பெண் ஒருவர் ஊரின் தெருவையே புத்தகமாக்கி, அந்த ஊர் நூலகத்துக்கே வந்து பேசுவது என்பது எவ்வளவு பெரிய சங்கதி! ஹார்லமில் இருந்து புகழோடு வரும் விருந்தாளியைக் கேட்பது ஒன்று. பக்கத்துத் தெருக்காரர் மேடையில் நிற்பதைப் பார்ப்பது வேறு.

அலமாரிக்கு வந்த இன்னொரு பெரிய வரவு, முடியாமல் போன ஒரு வேலையில் இருந்து வந்தது. மந்த காலத்தில் வேலையற்ற எழுத்தாளர்களுக்கு அரசு சம்பளம் கொடுத்து எழுதவைத்த திட்டத்தில், இல்லினாய்ஸ் மாநிலத்தில் கறுப்பர் வரலாறு என்ற நூலுக்காக ஆர்னா பான்டெமும் ஜாக் கான்ராயும் ஆட்களை வைத்துத் தகவல் திரட்டினார்கள். அந்த ஆட்களில் சிலர் ஹால் நூலகத்தில் உட்கார்ந்துதான் தேடினார்கள். நாற்பதுகளின் தொடக்கத்தில், போர்க்காலத்தில், திட்டம் நின்றது. நூல் வெளிவரவில்லை. திரட்டிய தாள்கள் ஹார்ஷிடம் வந்தன. எழுபது ஆண்டு கழித்து, 2013-இல், அந்தத் தாள்களில் இருந்து நூல் பதிப்பாகி வெளிவந்தது. ஹார்ஷ் அதைக் குப்பை என்று நினைத்திருந்தால் அவ்வளவுதான். பான்டெமும் 1943-இல் நூலகவியல் படித்து ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் போனார் என்பது ஒரு குட்டித் தகவல்.

குழந்தைகள் அறை

மன்றத்தைப் பற்றி எழுதும்போது குழந்தைகள் பகுதியை விட்டுவிடுபவர்கள் உண்டு. அது தவறு. ஷார்லமே ஹில் ராலின்ஸ் 1932-இல் இருந்து 1963 வரை அங்கே குழந்தைகள் நூலகராக இருந்தார். அன்றைய படப் புத்தகங்களில் கறுப்பினக் குழந்தை வந்தால் தடித்த உதடு, முழித்த கண், கொச்சைப் பேச்சு. சிரிப்புக்கு மட்டுமே. ராலின்ஸ் அத்தகைய நூல்களை ஒவ்வொன்றாக எடுத்து, எது குழந்தையின் கையில் கொடுக்கத் தகுந்தது, எது இல்லை என்று சலித்தார். 1941-இல் அவர் தொகுத்த வழிகாட்டி நூலை அமெரிக்க ஆங்கில ஆசிரியர் கழகம் வெளியிட்டது. பதிப்பகங்களுக்குக் கடிதம் எழுதினார். கேலிச்சித்திரம் இல்லாத புத்தகம் போடுங்கள் என்று கேட்டார்.

மாடியோ கீழோ, ஒரே கட்டடத்தில் பெரியவர்கள் நாவலைப் பற்றி வாதிட, இன்னொரு அறையில் அவர்கள் பிள்ளைகள் கதை கேட்டுக்கொண்டிருந்தார்கள். வாசகர் வட்டம் மூப்படைந்து செத்துப்போகாமல் இருக்க இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியவில்லை. நம் ஊர்க் கிளை நூலகங்களில் வாசகர் வட்டம் என்ற பலகையையும் சிறுவர் பகுதி என்ற பலகையையும் பார்த்திருக்கிறேன். இரண்டும் ஒன்றோடு ஒன்று பேசி நான் பார்த்ததில்லை.

எங்கே குறை

இனி மறுபக்கம். மன்றம் நடுத்தர வர்க்கக் கண்ணியத்தின் வாசம் வீசிய இடம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. விமர்சனம், சொற்பொழிவு, ஒழுங்கான கேள்வி பதில். இறைச்சித் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்தவருக்கு அந்த நாற்காலி இலவசம்தான், ஆனால் எளிதாக இருந்திருக்காது. பழைய சிகாகோக் கறுப்பர் குடும்பங்களுக்கும் தெற்கில் இருந்து புதிதாக வந்தவர்களுக்கும் இடையே உடை, பேச்சு, சாப்பாடு எல்லாவற்றிலும் ஓர் ஏளன இடைவெளி இருந்தது. ஹார்ஷ் முதல் வகையில் பிறந்தவர். பிகர் தாமஸைப் பற்றிப் பேசிய அறையில் பிகர் தாமஸ்கள் எத்தனை பேர் உட்கார்ந்திருப்பார்கள் என்ற கேள்வி நியாயமானது.

இன்னொன்று, எல்லாம் ஒருவர் தோளில் தொங்கியது. மன்றம் 1953 வரை ஓடியது. ஹார்ஷ் 1958-இல் ஓய்வு பெற்றார், 1960-இல் இறந்தார். மன்றம் ஏன் நின்றது என்பதற்கு ஒற்றைக் காரணம் தேடுவது வீண். என் கணிப்பு இது: வீட்டுப் பத்திரங்களில் இருந்த இனத் தடையை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று 1948-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, வசதி உள்ள கறுப்பர் குடும்பங்கள் மெல்ல வேறு பகுதிகளுக்கு நகர்ந்தன. ஆசிரியரும் அஞ்சலக எழுத்தரும் கிச்சனெட் குடும்பமும் வேறு வழியின்றி ஒரே தெருவில் நெருங்கி இருந்த நிலை தளர்ந்தது. எழுத்தாளர்களுக்கு உதவிய ரோசன்வால்ட் நிதியம் அதே 1948-இல் தன் கணக்கை முடித்துக்கொண்டது. ரைட் பாரிஸில் இருந்தார். ஹியூஸ் ஹார்லமில். பிரிவினை தளர்வது நல்ல செய்தி. அதன் நெருக்கத்தால் வாழ்ந்த அமைப்புகளுக்கு அது நல்ல செய்தியாக இருக்கவில்லை. இந்த முரணை எப்படிச் சொன்னாலும் கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

2015-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் க்ளோரி எடிம் என்பவர் தொடங்கிய 'வெல் ரெட் பிளாக் கேர்ள்' வட்டத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். துணைவர் பரிசளித்த டி-ஷர்ட்டில் இருந்த வாசகம்தான் பெயர். அதை அணிந்துபோன இடமெல்லாம் முன்பின் தெரியாத பெண்கள் நிறுத்திப் புத்தகம் பற்றிப் பேசினார்களாம். இன்ஸ்டாகிராம், மாதக் கூட்டம், 2017-இல் விழா, 2018-இல் தொகைநூல். கறுப்பினப் பெண் எழுத்தாளரைக் கறுப்பினப் பெண் வாசகர்கள் நடுவில் உட்காரவைத்தது அதன் பலம். வேகமும் பரப்பும் ஹார்ஷ் கனவிலும் நினைக்காதவை. ஆனால் அதற்கு ஒரு தெரு மூலை கிடையாது. எந்த நூலக அட்டையும் இல்லாத ஒரு சிறுமி மழைக்கு ஒதுங்கி உள்ளே வந்துவிடக்கூடிய கதவு இல்லை. நான் பழைய ஆள், அதனால் இப்படித் தோன்றுகிறதோ என்னவோ.

ஹார்ஷ் சேர்த்ததற்கு 1970-இல் அவர் பெயரையே வைத்தார்கள். 1975-இல் சேகரிப்பு 48-ஆம் தெருவை விட்டு, தெற்கே ஹால்ஸ்டட் தெருவில் புதிதாகக் கட்டிய வட்டார நூலகத்துக்குப் போனது. அந்த நூலகத்தின் பெயர் கார்ட்டர் வுட்சன் நூலகம். பல் மருத்துவரின் முந்நூறு நூல்களில் தொடங்கியது, அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியிலேயே மிகப் பெரிய கறுப்பர் வரலாறு, இலக்கியச் சேகரிப்பாக இன்று இருக்கிறது. ஹால் கட்டடத்தை 2010-இல் நகரம் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது. கிளை நூலகம் அங்கேயே நடக்கிறது.

ரைட்டின் தட்டச்சுப் பிரதி ஹால்ஸ்டட் தெருவில், பெட்டிக்குள், வாசிப்பறையில் கேட்டால் பார்க்கக்கூடிய நிலையில் இருக்கிறது. பொது நூலகம்தான். கையில் யாருடைய சீட்டும் கொண்டுபோக வேண்டியதில்லை.